கைடில் இல்லாத பதில்

வரலாற்றுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர் தலையில் அமெரிக்க வரலாறு பேப்பர் நிச்சயம் விழும். யாருக்கும் பிடிக்காத பேப்பரைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது துறைத் தலைவர்களின் வழக்கம். என் தலையில் அப்படித்தான் விழுந்தது. ஓய்வுபெறும்வரை இறங்கவில்லை. நானும் ஒரு கட்டத்துக்குப் பிறகு இறக்கிவைக்க முயலவில்லை, ஏனென்றால் அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வரலாறு நடத்துவதில் சில சங்கடங்கள் உண்டு. அமெரிக்கா போயிருக்கிறீர்களா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சோழர் வரலாறு நடத்துகிறவரிடம் சோழ ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நம்மிடம் மட்டும் கேட்பார்கள். இன்னொன்று, கீழ்க்கட்டளையில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் யாருக்கு விசா நேர்காணல் வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "சார், நீங்க அமெரிக்கா சப்ஜெக்ட்தானே. இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்பார்கள். நான் உட்காரவைத்து உள்நாட்டுப் போரின் காரணங்களைச் சொல்ல ஆரம்பிப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் வருவதில்லை. விசா மட்டும் எப்படியோ அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

பாடம் எப்படி நடத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நடத்த நடத்த அது வந்துவிடும், அல்லது வரவே வராது. நான் சொல்ல நினைப்பது, விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு பகல் முழுக்க நான் பட்ட பாட்டை. ஏனென்றால் பாடம் நடத்தும்போது நீங்கள் தப்பு செய்தால் அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். தாள் திருத்தும்போது செய்தால், யாரோ ஒருவருடைய வீட்டில் அது போய் விழும். அந்த வீடு எங்கே இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது.

அது நான் ஓய்வுபெறுவதற்கு முன் போன கடைசி முகாம். கோடை விடுமுறையில், நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. பெரிய கூடத்தில் மேசை மேசையாக ஆசிரியர்கள் உட்கார்ந்து திருத்துவார்கள். மேசைக்கு ஒரு தலைமைத் தேர்வாளர். மற்றவர்கள் போடும் மதிப்பெண்ணைச் சரிபார்ப்பதும், ஏதாவது சிக்கல் வந்தால் முடிவு சொல்வதும் அவர் வேலை. அமெரிக்க வரலாறு மேசைக்கு நான். மின்விசிறி தலைக்கு மேல் சுற்றியதே தவிரக் காற்று மட்டும் வரவில்லை. தாள்கள் பறக்காமல் இருக்க அது ஒரு வகையில் வசதி.

என் மேசையில் இருந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் குன்றத்தூர்க்காரர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் பயிர் செய்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அவரும் அதில் ஒன்றில்தான் குடியிருக்கிறார், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். காலையில் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு முகாமுக்கு வருவார். நேர்மை விஷயத்தில் அவர்மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. வகுப்பில் நல்ல தமிழ் பேசுகிறவர், கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். அந்தப் பேச்சு கேட்டால் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

இன்னொருவர் புவனா. அனகாபுத்தூர்ப் பெண், ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அப்போதுதான் முதல் தடவையாக முகாமுக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு தாளையும் திருத்திவிட்டு, மூடிவைத்து, மறுபடி திறந்து பார்ப்பாள். "இப்படிப் பார்த்தா தீபாவளி வந்துடும்மா" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாள், ஆனாலும் திறந்து பார்ப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது.

காலைத் தேநீர் முடிந்து கொஞ்ச நேரத்தில் குன்றத்தூர்க்காரர் சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. இன்னா கூத்து நடந்து கீதுன்னு பாருங்க."

ஊர்ப் பேச்சு வந்துவிட்டது என்று எழுந்து போனேன். அவர் முன்னால் நாலைந்து தாள்கள் ஒரே பக்கத்தில் விரித்துவைக்கப்பட்டிருந்தன. கேள்வி நமக்குப் பழகிய கேள்விதான், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்களை ஆராய்க. அதற்குக் கைடில் ஒரு பதில் உண்டு. முன்னுரை, வரிசையாகக் காரணங்கள், முடிவுரை. நாம் எல்லோரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இந்தத் தாள்களில் முடிவுரை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து விலகியதை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வீட்டுக்காரர்கள் 'நாங்களாகத்தானே சங்கத்தில் சேர்ந்தோம், நாங்களாகவே விலகுகிறோம்' என்று சொல்வதோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். கடைசியில் எல்லாத் தாளிலும் ஒரே இரண்டு வரிகள், ஒரு சொல்கூட மாறாமல்.

'சண்டை சங்கத்தின் விதியைப் பற்றியது என்று அவர்கள் சொன்னார்கள். உண்மையில் சண்டை, அந்த வீடுகளுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்த மனிதர்களைப் பற்றியது.'

எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு வருடம் இந்தப் பேப்பரை நடத்தியும் எனக்கு இது தோன்றவில்லையே என்பதுதான். குன்றத்தூர்க்காரருக்குத் தோன்றியது வேறு.

"எந்தக் கைடுலயும் இது கிடையாது சார். எல்லாக் கைடும் பாத்தவன் நான். கட்டைப் புரட்டிப் பாத்தேன், எல்லாத் தாளும் கடைசில இதே ரெண்டு வரிதான். ஹால்ல எவனோ நின்னுகினு படிச்சுக் காட்டியிருக்கான். இவங்க எழுதியிருக்காங்க."

அவர் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. தாள்களில் மாணவர்களின் எண்கள் மறைக்கப்பட்டிருக்கும், எந்தக் கல்லூரி என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு கல்லூரியின் தாள்கள் பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் வரும். ஒரு கட்டு முழுக்க ஒரே வரிகள், அதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரிகள் என்றால், தேர்வு அறைக்குள்ளேயே யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பதுதான் வழக்கம். அப்படி நடந்தும் இருக்கிறது. அவர் முன்பு வேறொரு முகாமில் அதைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்.

சந்தேகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தக் கட்டு தனியே முத்திரை வைத்து மேலே போகும். அதில் உள்ள அத்தனை பேருடைய முடிவும் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்படும். அது கடைசி செமஸ்டர் பேப்பர். முடிவு வராவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அந்த வருடம் மேற்படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. விசாரணை எப்போது முடியும் என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

அதற்குள் முகாம் அதிகாரி காதுக்கு விஷயம் போய் அவரே வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சார், யோசிக்காதீங்க. சந்தேகம்னு எழுதிக் குடுத்துடுங்க. சாயங்காலம் வேன் வருது, அதோட அனுப்பிடலாம். நமக்கு எதுக்கு சார் ரிஸ்க்? விட்டுட்டு, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நீங்களும் நானும்தான் பதில் சொல்லணும்."

அவர் கெட்டவர் இல்லை. முகாமை நல்லபடியாக முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற மனிதர். உங்களுக்கும் இப்படி ஒருவர் வந்து நிற்பார், அதனால் சொல்கிறேன். கையெழுத்துப் போடுவதுதான் நமக்குப் பாதுகாப்பு. போட்டால் நம்மை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். போடாமல் விட்டு, பிறகு அது காப்பி என்று தெரிந்தால், ஓய்வுபெறப்போகிற நேரத்தில் என் பெயர் நாறிவிடும். மதிய உணவுக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குப் போனேன். பின்னாலேயே புவனா வந்தாள். கையில் டம்ளர் இருந்தது, ஆனால் அவள் தண்ணீர் பிடிக்கவில்லை.

"சார், அது என் கிளாஸ்."

"எது?"

"அந்தக் கட்டு. அந்த ரெண்டு வரி நான் சொன்னது சார். கிளாஸ்ல சொன்னது, ஹால்ல இல்ல. தென் மாநிலங்கள் ஏன் விலகிச்சு, மாநில உரிமைன்னா என்னன்னு நடத்தினேன். எல்லாரும் தலையை ஆட்டுறாங்க, கண்ணுல ஒண்ணுமே இல்ல. நம்ம பக்கம் எங்க பாத்தாலும் அபார்ட்மெண்ட்தானே சார், தினமும் சங்கச் சண்டைதானே. அதை வச்சுச் சொன்னேன். அப்பத்தான் புரிஞ்சுது. கடைசி ரெண்டு வரிய மட்டும் போர்டுல எழுதிப்போட்டேன், பரீட்சைக்கு வச்சுக்கோங்கன்னு."

அவள் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கித் திட்டின்மேல் வைத்தேன்.

"அதுல ஒரு பொண்ணுக்கு பி.எட். சீட் கிடைக்கிற மாதிரி இருக்கு சார். அவங்க வீட்டுலேயே முதல் டிகிரி. மார்க் ஷீட் இல்லன்னா..."

"யாருன்னு சொல்லாதே. எனக்குத் தெரியக் கூடாது."

"நான் உள்ள போய்ச் சொல்லிடறேன் சார். என்னாலதானே வந்தது."

விதிப்படி அவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கட்டு அவளிடம் வரவில்லை, அதை அவள் தொடவும் இல்லை. ஆனால் அவள் உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆசிரியரே வந்து நின்றால், எங்கே சொல்லிக்கொடுத்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. வகுப்பில் என்பாள். வகுப்பிலா, தேர்வு அறையிலா என்பதற்கு அவள் சொல் மட்டும்தான் சாட்சி. அவள் வேலையோ ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்படுகிற வேலை. நம்பாமல் போனால் பிள்ளைகளோடு சேர்த்து அவளும் போய்விடுவாள்.

"நீ சொன்னா அவங்க உன்னை நம்பணும்மா. அதைவிடத் தாள் சொல்றதுதான் நல்லது. முதல்ல தாள் என்ன சொல்லுதுன்னு பாப்போம். தாள் ஒண்ணும் சொல்லலைன்னா அப்புறம் நீ வந்து சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாத் தாளும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்றுபோலவே இருந்தால், புவனா உண்மை சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நடந்த ஒன்றுக்கும் நிரூபிக்கக்கூடிய ஒன்றுக்கும் உள்ள தூரத்தைத்தானே நாம் வகுப்பில் வருடம் முழுக்க நடத்துகிறோம். அன்றைக்கு அந்தத் தூரத்தின் நடுவில் நானே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே போய்க் குன்றத்தூர்க்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இந்தக் கட்டுல எல்லாத் தாளையும் இந்த ஒரு பதிலை மட்டும் முழுசாப் படிச்சுடலாம்."

"இதுல படிக்கறதுக்கு இன்னா சார் கீது? கடைசி ரெண்டு வரி ஒண்ணா கீது. போதாதா?"

"நேத்து நீங்க திருத்தின கட்டு ஞாபகம் இருக்கா? எல்லாத் தாளும் 'உலக வரலாற்றின் ஏடுகளில்' அப்படின்னுதான் ஆரம்பிச்சுது. முடிவுரை வரைக்கும் ஒரு கமாகூட மாறல."

"ஆமா. அது கைடு."

"என்ன பண்ணீங்க?"

"மார்க் போட்டேன். வேற இன்னா பண்றது?"

"அப்ப கைடுல இருக்கறதை எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா அது படிப்பு. கைடுல இல்லாததை எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா அது காப்பி. அப்படித்தானே சார்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மேசையிலிருந்த மற்றவர்கள் திருத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி, படிக்கலாம். ஆனா நான் படிக்கறேன். நீங்க கேளுங்க."

என்மேல் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. அது நியாயம்தான், நான் இரக்கப்பட்டு எதையாவது தாண்டிப் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். மெல்லிய குரலில் படிக்க ஆரம்பித்தார். புவனா எதிரில் உட்கார்ந்து தன் கட்டைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டாள்.

முதலில் படித்த தாள்கள் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கைடின் காரணங்கள், அடுக்குமாடி, கடைசியில் அந்த இரண்டு வரிகள். 'பாத்தீங்களா' என்பதுபோல் அவர் ஒவ்வொரு தாளையும் மூடும்போது என்னைப் பார்த்தார்.  அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

அதற்கடுத்த தாளில் அந்த அடுக்குமாடியில் தண்ணீர் லாரி வந்தது. லாரித் தண்ணீரைப் பங்கு போடுவதில் சண்டை வந்து சில வீட்டுக்காரர்கள் விலகப்பார்த்தார்கள். அடுத்ததில் வெள்ளம் வந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது மேல் மாடிக்காரர்கள் அது எங்கள் பிரச்சினை இல்லை என்றார்களாம், கட்டடம் ஒன்றுதானே என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தது. இன்னொன்றில் அது வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. இன்னொன்றில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்று ஓட்டெடுப்பு நடந்தது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் ஒன்று. அந்த வரிகளுக்கு வந்து சேர்ந்த வழி ஆளுக்கு ஒன்று. குன்றத்தூர்க்காரர் படிக்கும் வேகம் குறைந்தது.

பிறகு ஒரு தாள் வந்தது. அந்தப் பிள்ளை இரண்டு போரையும் போட்டுக் குழப்பிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பதில் சுதந்திரப் போரை எழுதி, இங்கிலாந்து அரசரைக் கட்டடம் கட்டிய பில்டராக ஆக்கியிருந்தது. பில்டர் எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார், கூட்டத்தில் வந்து பேச மட்டும் நம்மை விடுவதில்லை என்று எழுதி, அதற்குக் கீழே சம்பந்தமே இல்லாமல் அந்த இரண்டு வரிகளையும் ஒட்டவைத்திருந்தது. குன்றத்தூர்க்காரர் படித்துக்கொண்டே வந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் முகாமில் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், இது ஃபுல்லா தப்பு சார்."

"தப்புத்தான். ஆனா இந்தத் தப்பை ஹால்ல யாராவது படிச்சுக் காட்டியிருப்பாங்களா?"

அவர் சிரிப்பு நின்றது. சொல்லிக்கொடுத்து எழுதியிருந்தால் எல்லோரும் ஒரே மாதிரி சரியாக எழுதியிருப்பார்கள், அல்லது ஒரே மாதிரி தப்பாக எழுதியிருப்பார்கள். இப்படி ஒரு பிள்ளை மட்டும் தன்னந்தனியாகத் தப்பு செய்ய வேண்டுமானால், அது சொந்தமாக யோசித்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு தவறான விடையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

கட்டு முடிகிற நேரத்தில் இன்னொரு தாளை எடுத்தார். படிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு வாய்க்குள்ளேயே முதலிலிருந்து படித்தார். படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். இப்படி எழுதியிருந்தது.

'எங்களுக்கு அடுக்குமாடி வீடு இல்லை. என் அம்மா வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. அங்கே லிஃப்டின் பக்கத்தில், வீட்டு வேலைக்கு வருபவர்கள் இதில் ஏறக் கூடாது என்று பலகை இருக்கிறது. அம்மா படியேறித்தான் போவார். இது அடிமைமுறை அல்ல. மாலையில் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், அடிமைகளால் அப்படி வர முடியாது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் எல்லோரும் லிஃப்டில் போகிறவர்கள். தென் மாநிலங்களின் விதிகளையும் அப்படிப்பட்டவர்கள்தான் எழுதினார்கள். பூட்டப்பட்டவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.'

அதற்குக் கீழே அந்த இரண்டு வரிகள். மற்ற தாள்களில் அவை மனப்பாடம் செய்த வரிகளாகத் தெரிந்தன. இந்தத் தாளில் அந்தப் பிள்ளையே எழுதியவைபோல் இருந்தன. நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"எங்க அபார்ட்மெண்ட்லயும் அந்த போர்டு கீது சார்" என்றார் குன்றத்தூர்க்காரர். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நான்தான் மாட்டினேன்" என்றார்.

 அவர் பேனாவை எடுத்து அந்தத் தாளைத் திருத்தினார். எவ்வளவு போட்டார் என்று பார்த்தேன், நல்ல மதிப்பெண். கூட்டிப் போட்டாரா என்று கேட்டால் உங்களை அடிக்க வருவார். பதிலுக்கு என்ன உண்டோ அதைத்தான் போட்டேன் என்பார். பில்டரைப் பற்றி எழுதிய பிள்ளைக்கும் உரியதைத்தான் போட்டார், அது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

முகாம் அதிகாரி மறுபடி வந்து, ரிப்போர்ட் தயாரா என்று கேட்டார்.

"இன்னா ரிப்போர்ட்டு?" என்றார் குன்றத்தூர்க்காரர். "ஒண்ணும் இல்ல சார். யாரோ ஒருத்தர் ஒழுங்காப் பாடம் நடத்தியிருக்காங்க. அவ்ளோதான்."

புவனா தலை நிமிரவில்லை. ஏற்கெனவே திருத்தி முடித்த ஒரு தாளையே மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகம் வந்ததை நாங்கள் மறைக்கவில்லை. இன்ன காரணத்தால் சந்தேகம் வந்தது, எல்லாத் தாளையும் படித்தோம், இன்ன காரணத்தால் அது முறைகேடு அல்ல என்று முடிவு செய்தோம் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். முகாம் அதிகாரிக்கும் அதற்குப் பிறகுதான் மூச்சு சீராக வந்தது. இரக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்வது வேறு, கண்ணைத் திறந்து பார்த்து முடிவு செய்வது வேறு. முதலாவதைச் செய்திருந்தால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்காது. நன்றாகத் தூங்கினேன்.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் குன்றத்தூர்க்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார்.

"எதிர்ல உக்காந்துகினு இருந்த பொண்ணுதானே சார்?"

எனக்குத் திக்கென்றது. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பேசினார்.

"காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல அது. நான் கண்ணு இல்லாதவனா? கேக்கல, அவ்ளோதான். கேட்டிருந்தா அதையும் நான் ரிப்போர்ட்டுல எழுதணும்."

போய்விட்டார். பேருந்து நிறுத்தத்தில் புவனா நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் "அப்பாடா" என்றாள்.   இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரும்புச் சாறு குடித்தோம். அன்றைக்கு அவள் வயிற்றில் போன முதல் வஸ்து அதுவாகத்தான் இருக்கும்.

முடிவுகள் உரிய நேரத்தில் வந்தன. நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் முகாம் நடந்துகொண்டிருந்தபோது குன்றத்தூர்க்காரர் போன் செய்தார். இப்போது தலைமைத் தேர்வாளர் அவர்தான்.

"சார், பேஜாரா கீது சார். இந்த வருஷம் எந்தக் கட்டைப் பிரிச்சாலும் அதே அபார்ட்மெண்ட்தான். கைடுக்காரன் போட்டுட்டான். ஏழாவது காரணம், அடுக்குமாடி உதாரணம்னு தலைப்பே குடுத்துட்டான். ஒரு கமா மாறாம எழுதறாங்க. ஒருத்தன்கூட அந்த லிஃப்டு போர்டு மாதிரி சொந்தமா ஒண்ணு எழுதல."

"என்ன பண்றீங்க?"

"மார்க் போடறேன். வேற இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். போனை வைக்கப்போகிறவர் நிறுத்தி, "அந்த போர்டைக் கழட்டிட்டேன் சார். மீட்டிங்ல பெரிய சண்டை. செயலாளரை மாத்தணும்னுகூட சொன்னாங்க. மாத்திக்கோன்னு சொல்லிட்டேன்" என்றார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த பிறகு புவனாவைக் கூப்பிட்டேன். அவள் அதே கல்லூரியில்தான் இருக்கிறாள். அந்தப் பெண் பி.எட். சேர்ந்துவிட்டாள் என்றும், இப்போது பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கிறாள் என்றும் சொன்னாள். லிஃப்ட் பற்றி எழுதியது அவள்தானா என்று நான் கேட்கவில்லை. புவனாவும் சொல்லவில்லை. அந்தப் பெண் எங்கோ ஒரு கரும்பலகைமுன் நிற்கிறாள் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கைடுல வந்துடுச்சாமே உன் அபார்ட்மெண்ட்?" என்றேன்.

"பாத்தேன் சார். அழறதா சிரிக்கறதான்னு தெரியல. அன்னியிலேர்ந்து கிளாஸ்ல அதைச் சொல்றதை விட்டுட்டேன்."

"அப்ப இப்ப என்ன சொல்ற?"

"இப்ப நான் ஒண்ணும் சொல்றதில்ல சார். பாடத்தை நடத்திட்டு, உங்களுக்குத் தெரிஞ்சதுல இது மாதிரி என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்கன்னு உக்காந்துடறேன். நேத்து ஒரு பையன் ஷேர் ஆட்டோவுல ஏறினவன் பாதி வழியில இறங்குறேன்னு சொல்றான்னு ஆரம்பிச்சான். பின்னாடி இருந்து ஒரு பொண்ணு, அப்ப ஆட்டோவுக்குள்ள கட்டிப்போட்டிருக்கறது யாருன்னு கேட்டுட்டா. அவன் பதில் சொல்றதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க. நாளைக்குத்தான் சார் தெரியும்."